மலிவு ட்ரூயிங் ஸ்டாண்ட் ஒன்றை எடுத்து வீல் கட்டிய கதை: எதைப் பார்க்கணும், எதை விட்டுவிடலாம்

வீட்டிலேயே சைக்கிள் வீல் கட்டலாம் என்று இறங்குகிறவர்கள் ரிம், ஹப் (சக்கரத்தின் நடுக் குடம்), ஸ்போக்ஸ் (கம்பிகள்) எல்லாம் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு வந்து நிற்கிற இடம் ட்ரூயிங் ஸ்டாண்ட்தான், அதாவது சக்கரத்தை மாட்டிச் சுற்றவிட்டுக் கோணலைப் பார்த்துச் சரிசெய்யும் சட்டம். மடக்கு நாற்காலி மாதிரி மெலிசாக ஒன்று இருக்கும், தொழில்முறை மெக்கானிக் வைத்திருக்கும் கனமான இரும்பு ஸ்டாண்ட் ஒன்று இருக்கும், இரண்டுக்கும் நடுவில் விலை பல மடங்கு ஓடும். மலிவானதை வாங்கினால் வேலை கெட்டுவிடுமோ என்ற பயத்தில் பலர் வீல் கட்டுவதையே தள்ளிப்போடுகிறார்கள். நான் மலிவானதைத்தான் எடுத்தேன், அதில் சில வேலைகள் செய்தேன், இப்போது அதில்தான் வீல் கட்டுகிறேன்.

முதலில் ஸ்டாண்ட் என்ன செய்கிறது என்பதைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும். அது மூன்று விஷயங்களைக் காட்டும். ரிம் இடம் வலமாக ஆடுகிறதா, மேலும் கீழுமாக ஏறி இறங்குகிறதா, ரிம் ஹப்பின் லாக் நட்டுகளுக்கு (ஹப்பின் இரு முனைகளிலும் அச்சில் இருக்கும் நட்டுகள்) சரியாக நடுவில் நிற்கிறதா. மூன்றாவதைத்தான் டிஷ் என்கிறோம். ஸ்போக்ஸின் இறுக்கத்தை எந்த ஸ்டாண்டும் காட்டாது, எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் காட்டாது. ஒரு வீல் நீண்ட நாள் நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிற பெரிய விஷயமோ அந்த இறுக்கம்தான். அதனால் கையில் இருக்கும் பணத்தை முழுக்க ஸ்டாண்டில் கொட்டிவிட்டு ஸ்போக் இறுக்கத்தை அளக்கும் டென்ஷன் மீட்டர் இல்லாமல் உட்காருவதை விட, ஸ்டாண்டில் குறைத்து மீட்டருக்கு ஒதுக்குவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஸ்டாண்டே இல்லாமலும் கட்டலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, ஃபோர்க்கில் ஒரு ஜிப் டையைக் கட்டி, அதன் வாலை ரிம் பக்கத்தில் ஒட்டி வெட்டிவிட்டால் அதுவே ரிம்மின் விலகலைக் காட்டும் முள். பக்கவாட்டு ஆட்டத்தை அது நன்றாகவே காட்டும். ஆனால் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கக் குறுக்கே இன்னொன்று கட்ட வேண்டும், பின்சக்கரம் என்றால் செயின், கியர் மாற்றும் டீரெய்லர் எல்லாம் வழியில் நிற்கும், குனிந்தே வேலை செய்வதில் முதுகு போய்விடும். கோட்டம் எடுப்பதற்கு, அதாவது கோணிய சக்கரத்தை நேராக்குவதற்கு, அது போதும். புதிதாக ஒரு வீலைக் கோர்த்துக் கடைசிவரை கொண்டுபோக, கண் மட்டத்தில் சக்கரம் நிற்கிற ஒரு சாதனம் இருந்தால்தான் பொறுமை தாங்கும்.

சரி, ஸ்டாண்ட் வகைகளுக்கு வருவோம். கனமான வகை என்றால் பார்க் டூலின் டிஎஸ்-2 வரிசை எல்லோருக்கும் தெரியும். இரண்டு தூண்களும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடும், ரிம்மின் இரு பக்கமும் நிற்கிற கேலிப்பர் கைகளும் ஒன்றாகவே நகரும், அதனால் எந்த அகல ஹப்பைப் போட்டாலும் நடு தானாக வந்து நிற்கும். நாள் முழுக்க வீல் பார்க்கிறவருக்கு அது பெரிய நேர மிச்சம். ஆனால் அந்த நடுவும் அவ்வப்போது அளந்து திருத்த வேண்டிய ஒன்றுதான், அதற்கென்று தனி அளவுச் சட்டமே அவர்கள் விற்கிறார்கள். அடுத்தது ஃபீட்பேக் ஸ்போர்ட்ஸ் செய்கிற மாதிரி ஒற்றைத் தூண் வகை: ஹப்பை ஒரு பக்கத்தில் மட்டும் பிடிக்கும், மறுபக்கம் காலி. அதன் பிறகு மினோரா போன்றவர்கள் செய்யும் மடக்கு வகைகள், பெயர் தெரியாத தகட்டு ஸ்டாண்டுகள், கடைசியில் பிளைவுட்டில் நாமே செய்துகொள்வது.

இந்த ஒற்றைத் தூண் ஸ்டாண்ட் எப்படி வேலை செய்கிறது என்று யோசித்தபோதுதான் எனக்கு மலிவு ஸ்டாண்ட் போதும் என்ற தெளிவு வந்தது. ஹப்பின் ஒரு லாக் நட் முகம் தூணின் மேல் அழுந்தி உட்காருகிறது. முள்ளும் அதே தூணில்தான் இருக்கிறது. அப்படியென்றால் முள் காட்டுவது லாக் நட் முகத்துக்கும் ரிம்முக்கும் உள்ள தூரம். சக்கரத்தைக் கழற்றி இடம் வலமாகத் திருப்பி மாட்டினால், மறுபக்க லாக் நட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள தூரம் அதே முள்ளில் தெரியும். இரண்டும் சமம் என்றால் ரிம் நடுவில் இருக்கிறது. ஸ்டாண்டின் நடு எங்கே என்ற கேள்வியே எழவில்லை. ஸ்டாண்ட் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, அந்தக் கோணல் இரண்டு தடவையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, நடு தானாக வருகிற வசதிக்கு நான் காசு கொடுக்கவில்லை. கழற்றி மாட்டினால் சக்கரம் அதே இடத்தில் வந்து உட்காருகிறதா என்பதை மட்டும் தேடினேன்.

இதைச் சோதிக்க ஒரு தாள் போதும். சாதாரண அச்சுத் தாள் ஏறக்குறைய 0.1 மிமீ தடிமன். நல்ல சக்கரம் ஒன்றை ஸ்டாண்டில் மாட்டி, வால்வு ஓட்டையை முள்ளுக்கு நேராக நிறுத்தி, முள்ளுக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு தாள் லேசான உரசலோடு வழுக்கி வருகிற அளவுக்கு முள்ளை நெருக்க வேண்டும். பிறகு சக்கரத்தை முழுக்கக் கழற்றி, மறுபடி மாட்டி, அதே வால்வு ஓட்டையைக் கொண்டுவந்து தாளைச் செருகிப் பார்க்க வேண்டும். தாள் நுழையவே மாட்டேன் என்றாலும், இரண்டு மூன்று தாள் சேர்ந்து தாராளமாகப் போனாலும் அந்த ஸ்டாண்ட் எங்கோ ஆடுகிறது. சில முறை திரும்பத் திரும்ப மாட்டிப் பார்த்தும் ஒரு தாள் வித்தியாசத்துக்குள் நின்றால் அந்த ஸ்டாண்டை நம்பலாம். வாங்குவதற்கு முன்பே இதைச் செய்ய முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் வாங்கி வந்த உடனே.

அடுத்து முள் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இதை யாரும் கவனிப்பதில்லை, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மலிவு ஸ்டாண்டின் தூண்கள் வளையும், அதைத் தவிர்க்க முடியாது. முள் அதே தூணில் இருந்தால் தூண் வளையும்போது முள்ளும் கூடவே போகும், ரிம்முக்கும் முள்ளுக்கும் இடைவெளி அதிகம் மாறாது. முள் அடிப்பலகையிலிருந்து தனிக் கம்பியில் எழும்பி வந்தால் தூணின் ஒவ்வொரு வளைவும் அப்படியே பிழையாகத் தெரியும். சக்கரம் மாட்டியிருக்கும்போது தூணின் தலையைக் கட்டைவிரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள், இடைவெளி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மாறினால் அந்த வடிவமே சரியில்லை. தகடு தடிமனாக இருக்கிறதா என்பதை விட இது பெரிய விஷயம்.

அளவுகளைப் பொறுத்தவரை உங்களிடம் என்னென்ன ஹப் இருக்கிறதோ அதைப் பார்த்து எடுங்கள். லாக் நட்டிலிருந்து லாக் நட் வரை முன்சக்கரம் பொதுவாக 100 மிமீ. பின்சக்கரம் பழைய ரோடு சைக்கிளில் 126, பிறகு வந்ததில் 130, மவுண்டன் சைக்கிளில் 135. த்ரூ ஆக்ஸில் (ஹப்பின் உள்ளே நுழைந்து ஃபிரேமில் திருகி இறுகும் தடித்த அச்சு) வந்த பிறகு பின்னால் 142, பூஸ்ட் என்ற அகல வகை என்றால் 148, முன்னால் பூஸ்ட் 110. தூண்கள் 100க்கும் 148க்கும் நடுவே எங்கும் நின்றால் பெரும்பாலான வீல்களுக்குப் போதும். உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். 622 ரிம்மில் (டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மிமீயில்) 35 மிமீ டயர் போட்டு மாட்டினால் அச்சிலிருந்து டயர் ஓரம் வரை ஏறக்குறைய 346 மிமீ, 29 இஞ்சுக்கு 2.4 டயர் என்றால் 372 வரை போகும். டயரோடு கோட்டம் எடுக்கிற பழக்கம் இருந்தால் இந்த உயரம் வேண்டும். இன்னொரு பக்கம் 406 அளவுச் சின்னச் சக்கரத்துக்கு முள் உள்ளே எட்ட வேண்டும், பல மலிவு ஸ்டாண்டுகளில் முள் அவ்வளவு தூரம் வராது.

த்ரூ ஆக்ஸில் ஹப்புக்கு அடாப்டர் தனியாக விற்பார்கள், அது சில சமயம் ஸ்டாண்டின் விலையில் பாதிக்குப் போய்விடும். தூணின் பள்ளம் ஆங்கில வி எழுத்து வடிவில் இருந்தால் 9 மிமீ அச்சும் உட்காரும், 12 மிமீ த்ரூ ஆக்ஸிலும் உட்காரும், இரண்டும் நடுவிலேயே நிற்கும். யு வடிவில் 10 மிமீக்கு வெட்டப்பட்ட பள்ளத்தில் 12 மிமீ இறங்காது. இந்த ஒரு விஷயத்தைப் பார்த்தே நான் இரண்டு ஸ்டாண்டுகளை ஒதுக்கினேன்.

நான் எடுத்தது இரட்டைத் தூண் மடக்கு ஸ்டாண்ட், எஃகுக் குழாய், தலையில் தகட்டுப் பள்ளம், ஒரு தூணில் மட்டும் முள் கை. முள் கை அதே தூணில் இருந்ததும் பள்ளம் வி வடிவமாக இருந்ததும்தான் காரணம். மற்றதெல்லாம் சுமார்தான்: முள்ளின் திருகு ஆடியது, கால்கள் வழுக்கின, பள்ளத்தின் ஓரத்தில் வெட்டுப் பிசிறு நின்றது. இவை எல்லாமே கையால் சரிசெய்யக் கூடியவை.

முதல் வேலை பிசிறு. பள்ளத்தின் உள்முகத்தில் விரலை வைத்துத் தடவினால் நகத்தில் தட்டும். லாக் நட் அந்தப் பிசிறின் மேல் ஒரு தடவை ஏறி உட்காரும், இன்னொரு தடவை பக்கத்தில் உட்காரும், தாள் சோதனையில் வருகிற வித்தியாசத்தில் பாதி இதிலிருந்துதான். தட்டை அரத்தால் உள்முகத்தைச் சமமாக அராவி, உப்புத் தாளால் தேய்த்து, பெயிண்டையும் அந்த இடத்தில் மட்டும் எடுத்துவிட்டேன். பெயிண்ட் மென்மையானது, லாக் நட்டின் பற்கள் அதில் பள்ளம் போடும், பள்ளம் விழுந்தால் அளவு மாறும்.

அடுத்தது அடித்தளம். ஸ்டாண்டின் கால்களை 18 மிமீ பிளைவுட் பலகையில் போல்ட் போட்டு இறுக்கினேன். பலகையை மேஜை ஓரத்தில் கிளாம்ப் வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். நிப்பிளை (ஸ்போக்கை ரிம்மில் பிடித்து இறுக்கும் சின்ன நட்டு) திருப்பும்போது சக்கரம் கையோடு வரக் கூடாது, ஸ்டாண்ட் நகரக் கூடாது. மடக்கும் வசதி இதோடு போய்விட்டது, எனக்கு அது தேவையும் இல்லை.

ஹப்பைப் பிடிக்கிற விதத்தில் ஒரு சின்ன சிக்கல் இருக்கிறது, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குவிக் ரிலீஸ் (நெம்புகோலை மடக்கி இறுக்கும் கம்பி) ஹப்பில் அச்சு லாக் நட்டுக்கு வெளியே கொஞ்சம் நீண்டிருக்கும். 100 மிமீ முன் ஹப்பில் அச்சின் நீளம் பொதுவாக 108, ஆக ஒவ்வொரு பக்கமும் 4 மிமீ. 135 பின் ஹப்பில் 146, ஒவ்வொரு பக்கமும் 5.5 மிமீ. சைக்கிளின் டிராப்அவுட் (அச்சு உட்காரும் ஃபிரேம் பள்ளம்) அதை விடத் தடிமனாக இருப்பதால் குவிக் ரிலீஸை மூடினால் அது டிராப்அவுட்டை இறுக்கும். மலிவு ஸ்டாண்டின் தகடோ 3 மிமீதான். குவிக் ரிலீஸ் மூடினால் அச்சின் நுனியில் போய் இடிக்கும், தகட்டைப் பிடிக்காது, மூடியது மாதிரி தெரியும் ஆனால் ஹப் ஆடிக்கொண்டே இருக்கும். தீர்வு சுலபம்: தகட்டுக்கு வெளியே 10 மிமீ போல்டுக்கான தடித்த வாஷர் இரண்டு போட்டு, அதற்கு மேல் குவிக் ரிலீஸை மூடுவது. வாஷர் அச்சின் நுனியை விழுங்கிக்கொள்ளும், இறுக்கம் தகட்டுக்கு வந்துவிடும்.

அச்சைப் பள்ளத்தில் சும்மா வைத்தால் போதாதா என்று கேட்கலாம். கோன் வைத்த பேரிங் ஹப் என்றால் போதாது. குவிக் ரிலீஸ் மூடும்போது அச்சு ஒரு துளி அமுங்கும், அதனால் நன்றாக அமைத்த ஹப்பில் திறந்திருக்கும்போது ஒரு துளி ஆட்டம் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். சும்மா வைத்துச் சுற்றினால் அந்த ஆட்டம் ரிம் ஓரத்தில் பெருகித் தெரியும், கோட்டம் என்று நினைத்து நல்ல ஸ்போக்ஸைத் திருகிக்கொண்டிருப்போம். இறுக்கிப் பிடித்தால்தான் ஓட்டும்போது இருக்கும் நிலை ஸ்டாண்டிலும் இருக்கும்.

முள்ளுக்கு வருகிறேன். கூடவே வந்த திருகைக் கழற்றிவிட்டு எம்6 நைலான் போல்ட் போட்டேன். நைலான் ரிம்மைக் கீறாது. எம்6 போல்டின் புரி ஒரு சுற்றுக்கு 1 மிமீ, ஆகவே போல்டின் தலையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் போல்டே அளவுகோல் ஆகிவிடும். கால் சுற்று 0.25 மிமீ, அரைக்கால் சுற்று 0.12க்குக் கொஞ்சம் மேல். புரியில் இருக்கும் ஆட்டத்தை எடுக்க நட்டுக்கும் போல்ட் தலைக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்பிரிங். இந்த மாற்றத்துக்குப் பிறகு ரிம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை எண்ணிலேயே சொல்ல முடிகிறது. ஏற்ற இறக்கத்துக்கு முள் கையின் அடியில் ஒரு தட்டைப் பட்டையைக் குறுக்கே போல்ட் போட்டிருக்கிறேன், அது ரிம்மின் இரண்டு ஓரங்களையும் ஒரே நேரத்தில் தொடும்.

டயல் கேஜ் வைக்கலாமா என்றால், வைக்கலாம், காந்த அடியோடு ஒன்று என்னிடம் இருக்கிறது. 0.01 மிமீ வரை காட்டுகிற முள் ரிம்மின் பெயிண்ட், சின்னக் கீறல், இணைப்பு எல்லாவற்றுக்கும் குதிக்கும். ஆரம்பத்திலேயே அதைப் பார்த்து வேலை செய்தால் குழம்பிப்போவோம். கடைசியில், எல்லாம் முடிந்த பிறகு, எவ்வளவு வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் அதை எடுக்கிறேன். கோட்டத்தைக் கண்ணை விடக் காது நன்றாகக் கண்டுபிடிக்கும். முள்ளை மெல்ல நெருக்கிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றினால் ஒரு இடத்தில் மட்டும் ‘சர்ர்’ என்று உரசும். உரசல் எந்த ஸ்போக்கில் தொடங்கி எந்த ஸ்போக்கில் முடிகிறது என்று கேட்டு நிறுத்தினால், தொட வேண்டிய இடத்தின் நடு அங்கேயே இருக்கிறது. முள்ளுக்குப் பின்னால் ஒரு வெள்ளை அட்டையும் பக்கத்திலிருந்து ஒரு விளக்கும் வைத்தால் இடைவெளியும் பளிச்சென்று தெரியும்.

இந்த ஸ்டாண்டில் கட்டிய பின்சக்கரம் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். 32 ஓட்டை, 622 ரிம், 135 ஹப், மூன்று குறுக்குக் கோர்வை (ஒவ்வொரு ஸ்போக்கும் அதே பக்கத்து மூன்று ஸ்போக்ஸைக் கடக்கும்). கோர்ப்பதைப் பற்றி நீட்டவில்லை. நிப்பிள் புரியிலும் ரிம்மில் நிப்பிள் உட்காரும் இடத்திலும் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தேன், எல்லா நிப்பிளையும் ஸ்போக்கின் புரி மறைகிற இடம் வரை கொண்டுவந்து நிறுத்தினேன். தொடக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே இடம் என்பது முக்கியம். 2 மிமீ ஸ்போக்கில் ஒரு இஞ்சுக்கு 56 புரி, நிப்பிளை ஒரு முழுச் சுற்று திருப்பினால் 0.45 மிமீ இழுக்கும். ஆரம்பத்திலேயே ஒன்று இரண்டு சுற்று வித்தியாசம் விட்டால் அது பெரிய மேடாகவோ பள்ளமாகவோ பிறகு வந்து நிற்கும்.

வால்வு ஓட்டையிலிருந்து தொடங்கி ஒரு ரவுண்டுக்கு எல்லாவற்றுக்கும் அரைச் சுற்று. ஸ்போக்ஸ் தளர்வு நீங்கி லேசாக நிமிர்ந்ததும் முள்ளைக் கொண்டுவந்தேன். முதலில் ஏற்ற இறக்கம். இறுக்கம் ஏறிய பிறகு ரிம்மை மேலும் கீழும் நகர்த்துவது கஷ்டம், அதனால் இதை ஆரம்பத்திலேயே பார்த்துவிட வேண்டும். மேடான இடத்தில் இரு பக்க ஸ்போக்ஸையும் சேர்த்து இறுக்க வேண்டும், பள்ளத்தில் சேர்த்துத் தளர்த்த வேண்டும், பக்கவாட்டு நிலை மாறாமல் இருக்க. ரிம்மின் இணைப்பில் ஒரு சின்ன மேடு எப்போதும் இருக்கும், வால்வு ஓட்டைக்கு நேர் எதிரே பார்த்தால் தெரியும். அதைத் துரத்தாதீர்கள். அது உலோகத்தின் மேடு, ஸ்போக்கை இறுக்கினால் போகாது, பக்கத்து ஸ்போக்ஸின் இறுக்கம்தான் கெடும்.

அப்புறம் பக்கவாட்டு, அப்புறம் டிஷ், மறுபடி எல்லாவற்றுக்கும் கால் சுற்று, மறுபடி ஏற்ற இறக்கம். இப்படியே சுற்றிச் சுற்றி வந்தேன். டிஷ் பார்க்க முன்னால் சொன்ன மாதிரி திருப்பி மாட்டுவதுதான் வழி. முள்ளை ரிம்மைத் தொட்டும் தொடாமலும் நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி, முள் இருக்கும் தூணோடு லாக் நட்டை ஒட்ட வைத்து மூடினேன். இப்போது 0.6 மிமீ இடைவெளி தெரிந்தால் ரிம் விலகியிருப்பது அதில் பாதி, 0.3 மிமீ. திருப்புவதால் பிழை இரட்டிப்பாகித் தெரிகிறது, மலிவு ஸ்டாண்டுக்கு இது ஒரு வரம், சின்ன விலகலும் கண்ணுக்குப் பெரிதாகப் படும். ரிம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கத்து ஸ்போக்ஸ் அனைத்தையும் கால் சுற்று இறுக்கி மறுபடி திருப்பிப் பார்த்தேன். ஒரே தாவலில் சரிசெய்யப் பார்க்காமல் கால் கால் சுற்றாகப் போவது நல்லது.

கேசட் (கியர் பற்சக்கரங்கள்) மாட்டும் பின் ஹப்பில் வலப்பக்க ஃபிளாஞ்ச் (ஸ்போக் கோர்க்கும் விளிம்பு) நடுவுக்கு நெருக்கமாக இருப்பதால் ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் வலப்பக்க ஸ்போக்ஸ் இடப்பக்கத்தை விட நிறைய இறுகியிருக்க வேண்டும். பல ஹப்புகளில் இடப்பக்கம் வலப்பக்கத்தின் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் வரும். இதைப் பார்த்துப் பதறி இடப்பக்கத்தை இறுக்கினால் டிஷ் போய்விடும். ஒரே பக்கத்து ஸ்போக்ஸ் தங்களுக்குள் சமமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இறுக்கம் ஏற ஏற ஸ்போக் முறுக்கிக்கொள்ளும். நிப்பிள் திரும்புகிறது என்று நினைப்போம், உண்மையில் ஸ்போக்கும் கூடவே கொஞ்சம் திரும்பியிருக்கும், பிறகு ஓட்டும்போது முறுக்கு அவிழ்ந்து வீல் கோணும். இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி: வலப்பக்க ஸ்போக் ஒன்றில் மறைப்பு டேப்பை ஒரு சின்னக் கொடி மாதிரி ஒட்டுங்கள். நிப்பிளைத் திருப்பும்போது கொடி எவ்வளவு சாய்கிறது என்று பாருங்கள். அரைக்கால் சுற்று சாய்ந்தால், வேண்டிய அளவை விட அரைக்கால் கூடுதலாகத் திருப்பி, அதே அளவு பின்னுக்கு வர வேண்டும். கொடி பழைய நிலைக்கு வந்துவிடும், நிப்பிள் மட்டும் முன்னேறியிருக்கும். மெல்லிய ஸ்போக்ஸில் சாய்வு இன்னும் அதிகம் இருக்கும். கொஞ்ச நேரம் கொடியைப் பார்த்து வேலை செய்தால் கைக்கே அளவு பிடிபட்டுவிடும்.

ஸ்போக் கீயில் கஞ்சத்தனம் வேண்டாம். நிப்பிளின் சதுரம் 3.23, 3.30, 3.45 மிமீ என்று கிட்டத்தட்ட ஒரே மாதிரி அளவுகளில் வருகிறது, பல ஓட்டை வைத்த வட்டக் கீ எல்லாவற்றுக்கும் சுமாராகப் பொருந்தி எல்லாவற்றையும் மழுக்கும். உங்கள் நிப்பிளுக்குச் சரியான ஒற்றை அளவுக் கீ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்டாண்டை விட இதைத்தான் கை அதிக நேரம் பிடித்திருக்கும்.

இறுக்கம் கடைசி நிலைக்கு வந்ததும் கையுறை போட்டுக்கொண்டு, ஒரே பக்கத்தில் இணையாக ஓடும் ஸ்போக்ஸை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்துப் பலமாக அமுக்கினேன். ஹப் ஓட்டையில் வளைவு ஒழுங்காகப் படியும், மிச்சமிருந்த முறுக்கு ‘டிங்’ என்று அவிழும். அமுக்கிய பிறகு கொஞ்சம் கோணியிருந்தது, அதை எடுத்து, மறுபடி அமுக்கி, மறுபடி பார்த்தேன். அமுக்கியும் முள்ளில் ஒரு மாற்றமும் வராதபோதுதான் நிறுத்தினேன்.

இறுக்கத்துக்குப் பார்க் டூல் டிஎம்-1 மாதிரியான மீட்டர் போதும். ஸ்போக்கை வளைத்து, எண்ணைப் படித்து, ஸ்போக் தடிமனுக்கு ஏற்ற அட்டவணையில் பார்த்துக்கொள்வது. பல ரிம்களுக்கு 100 முதல் 120 கிலோ விசை வரை உச்சம், ரிம் செய்தவர் போட்டிருக்கும் எண்ணைத் தாண்டக் கூடாது. மீட்டர் இன்னும் வாங்கவில்லை என்றால் ஸ்போக்கை நகத்தால் சுண்டி ஒலியைக் கேட்கலாம். ஒலியின் சுருதி இறுக்கத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும், அரைச் சுரம் வித்தியாசம் என்றால் இறுக்கத்தில் ஏறக்குறைய 12 சதவீதம் வித்தியாசம். கைபேசியில் சுருதி காட்டும் செயலி இருந்தால் ஒரே பக்கத்து ஸ்போக்ஸ் எல்லாம் அரைச் சுரத்துக்குள் நிற்கிறதா என்று தாராளமாகப் பார்த்துவிடலாம். மொத்த அளவு எவ்வளவு என்பதை ஒலி நேரடியாகச் சொல்லாது. அதே ஸ்போக், அதே நீளம், அதே கோர்வையில் நன்றாகக் கட்டிய வீல் ஒன்று பக்கத்தில் இருந்தால் அதைச் சுண்டி ஒப்பிடலாம்.

முடிவில் டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது பக்கவாட்டு ஆட்டம் 0.2 மிமீ அளவில் நின்றது, இணைப்பு இடத்தைத் தவிர. 0.5 மிமீக்குள் இருந்தாலே ரிம் பிரேக் சைக்கிளுக்குக் கூடப் பிரச்சினை இல்லை. டிஷ்ஷில் திருப்பி மாட்டினால் ஒரு தாள் வித்தியாசம், ஆக உண்மையான விலகல் அதில் பாதி. கனமான ஸ்டாண்டில் கட்டியிருந்தால் இதே எண்களுக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்திருப்பேன். வருஷத்துக்குச் சில வீல் கட்டுகிறவருக்கு அந்த நேரம் பெரிதில்லை. தினமும் கட்டுகிறவர் என்றால் நான் சொன்ன எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நல்ல கனமான ஸ்டாண்டை வாங்குங்கள், ஒவ்வொரு வீலுக்கும் பல தடவை திருப்பி மாட்டுவது மிச்சமாகும்.

பழைய தொழில்முறை ஸ்டாண்ட் கைமாறி வந்தால் அதுவும் நல்ல வழிதான். தூண்களின் கீல் ஆடுகிறதா, முள் திருகின் புரி தேய்ந்திருக்கிறதா, பள்ளத்தில் லாக் நட் பல் ஆழமாகப் பதிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து, அதே தாள் சோதனையைச் செய்யுங்கள். நடு விலகியிருந்தால் அதற்காக வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, திருத்திக்கொள்ளலாம் அல்லது திருப்பி மாட்டியே வேலை செய்யலாம்.

பிளைவுட்டில் நாமே செய்வது பற்றி ஒரு வார்த்தை. 18 மிமீ பலகை, இரண்டு தூண், தலையில் இரும்புத் தகட்டில் வி பள்ளம், தூணிலேயே எம்6 முள். நான் மேலே சொன்ன எல்லாத் தேவைகளையும் அது பூர்த்தி செய்யும். ஒரே அகல ஹப் மட்டும் கட்டுகிறவர் என்றால் அதையே முதலில் செய்து பாருங்கள் என்பேன். எனக்கு 100, 135, 142 மூன்றும் தேவைப்பட்டதால் நகரும் தூண் வேண்டியிருந்தது. 142 ஹப்புக்கு இப்போது த்ரூ ஆக்ஸிலையே நேராகப் பள்ளத்தில் வைக்கிறேன், தகடு மெலிசு என்பதால் இரு பக்கமும் 12 மிமீ உள்விட்டம் உள்ள எஃகு வளையம் ஒன்றைப் போட்டுத்தான் இறுக்க வேண்டியிருக்கிறது. வளையத்தின் இரு முகங்களும் இணையாக இருக்கின்றனவா என்று கண்ணாடிப் பலகையில் வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள், சாய்வான வளையம் தூணைக் கோண இழுத்து டிஷ் அளவைக் கெடுக்கும்.